கதலி கப்கேக்குக்கு நான் செய்த திருத்தம்

இல்லை, சொக்கலேற்றைப் பற்றி இனிக் கதைக்க ஒன்றுமில்லை, அது சும்மா நிறம். எலுமிச்சை பரவாயில்லை. ரோஸ், சவர்க்காரத்தைக் கடித்த மாதிரி. என் வீடியோவுக்குக் கீழே நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது கதலி கப்கேக்கைத்தானே, அதற்கே வருகிறேன்.

நீர்வேலியில் உதயகலா அக்காவின் பேக்கரி சைவ பேக்கரி. முட்டை வாசலைத் தாண்டாது. அதற்குப் பதிலாகக் கதலி வாழைப்பழத்தை மசித்துப் போடுவார். திருவிழாக் காலத்தில் விரதக்காரர் நம்பி வாங்குவது அந்தக் கேக்கைத்தான். அக்காவும் பிறந்ததிலிருந்து முட்டையைத் தொட்டதில்லை. ருசி அருமை. ஆனால் எழும்பாது, களி மாதிரி அடியில் குந்திக்கொண்டிருக்கும். அதை வீடியோவில் சொன்னதற்கு நீங்கள்தான் என்னைக் கிழித்தீர்கள். அக்கா கோபிக்கவேயில்லை. "அப்ப நீயே வந்து அடிச்சுப் பாரன் செந்தூரன்" என்று சிரித்தார்.

போனேன். காலையில் மாக்கலவை அடிப்பது என் வேலையானது. அக்கா பின்பக்கம் பூப் பிடுங்கப் போகும் நேரத்தில் முட்டையை உடைத்து ஊற்றினேன். உலகம் முழுக்கச் செய்வதுதான். வனிலாவைக் கொஞ்சம் கூட விட்டேன், முட்டை மணம் தெரியவில்லை.

அன்று கேக் குடை விரித்தது. அக்கா ஒன்றைப் பிட்டு வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "இண்டைக்கு எனக்குக் கைப்பக்குவம் வாய்ச்சிட்டுது" என்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு நிறுத்த மனம் வரவில்லை. நான் இரக்க சுபாவம்.

திருவிழா முழுக்க விற்றுத் தள்ளியது. பக்கத்துத் தோட்டத்துக் கதிரவேலு ஐயா காவடிக்கு விரதம். பேரப்பிள்ளைகளுக்கென்று வாங்கிப் பாதியைத் தானே முடித்தார். காவடியும் நன்றாகவே ஆடினார். முருகனுக்கு ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை.

முட்டைக் கோதுகளை நான் கண்டபடி எறியவில்லை. வாழைக்கு நல்ல பசளை என்று கடைக்குப் பின்னால் நின்ற வாழையடியில் புதைத்தேன். ஐயாவின் நாய் கிண்டிவிட்டது. கோதுகளைச் சால்வையில் அள்ளிக்கொண்டு, பின்னால் ஊரும் வர, அவர் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "பிள்ளை, என்ரை விரதத்துக்கு நான் என்ன சொல்லுறது?" என்று மட்டும் கேட்டார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, நீதானே என்னோடை நிண்டனி. சொல்லு."

"ஒரு முட்டையும் உள்ளை வரேல்லை ஐயா" என்றேன். அக்காவைக் காப்பாற்றத்தான்.

அது போதவில்லை. சத்தியம் கேட்டார்கள். எங்களிடம் பெரிய சத்தியம் என்றால், கோவில் வாசலில் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைப்பது. பொய்யென்றால் கை வேகும் என்பது நம்பிக்கை. அக்கா ஓமென்று முன்னால் நடந்தார். நானும் போனேன், வீடியோ எடுக்கப் போனை ஆடாமல் பிடித்தேன், வெளிச்சம் நல்ல வெளிச்சம். சட்டென்று அடித்து அணைத்தால் சுடாது, அது எனக்குத் தெரியும். அக்கா அவசரப்படவில்லை. உண்மைக்காரருக்கு என்ன அவசரம்? கையை வைத்து, அப்படியே வைத்திருந்தார்.

கொப்புளத்தை ஊர் பார்த்தது. அதோடு கடைக்குப் பூட்டு.

போய்ப் பார்த்தேன். கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடி, "தெரியாமல் நான்தான் ஏதோ செய்திட்டன் போலை" என்று என்னிடமே சொன்னார். ஒரு கையால் கேத்திலைத் தூக்கச் சிரமப்பட்டார். நானே தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

ஓம், முட்டையைப் போட்டது நான்தான். மறைக்கிற எண்ணமில்லை. ஆனால் நீங்கள் அதையே பிடித்துத் தொங்குகிறீர்கள், கேக்கைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. நீங்களும் திருவிழாவில் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டவர்கள்தானே? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், முந்தினதை விடப் பஞ்சு மாதிரி இருந்ததா, இல்லையா?