கயிற்றின் மேல்முனையில் யார்?

இந்தக் கூடத்தில் மாட்டியிருக்கும் படங்கள் அத்தனையும் ஒரே படம்.

சலாம் சொல்வதற்கு முன்பே குற்றம் சொல்கிறானே என்று முறைக்காதீர்கள். சலாமும் சொல்கிறேன். இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் ஒளிப்படக் கழகத்தின் தலைவர் உஸ்தாத் வஹீத் அவர்களே! இந்தக் கூடத்தை வாடகையின்றித் தந்து, தந்ததை ஆண்டுதோறும் நினைவூட்டவும் தவறாத பொருளாளர் பயூமி ஹாஜியார் அவர்களே! கழுத்தில் கேமராவோடு உறங்கி, கேமராவோடு விழிக்கும் மூத்த உறுப்பினர்களே! பிள்ளைகளின் படத்தைச் சுவர் சுவராகத் தேடிக் களைத்திருக்கும் தாய்மார்களே! டிராமில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்த அலெக்சாந்திரியாவின் இளைஞர்களே! கடைசி வரிசையில், வீட்டு நாற்காலியோடு தூக்கி வரப்பட்டு, அதே நாற்காலியில் அமர்ந்திருக்கும் இன்ஸாப் டீச்சர் அவர்களே! உங்கள் அனைவர் மீதும் சாந்தி உண்டாகட்டும்.

இப்போது சுவரைப் பாருங்கள். இடப்பக்கம் என்ன? பால்கனியிலிருந்து கயிற்றில் இறங்கும் கூடை. வலப்பக்கம்? கயிற்றில் ஏறும் கூடை. வாசலுக்கு மேலே? வெயிலில் கூடை. தண்ணீர்க் குழாய்க்கு அருகே? மழையில் கூடை. கூடையில் தக்காளி, கூடையில் ரொட்டி, கூடையில் பூனை. சற்று முன்பு ஒரு தாய் தன் மகனிடம், "இதுல உன் படம் எதுடா?" என்று கேட்டார். அவன் தேடினான். சுற்றிச் சுற்றித் தேடினான். அவனுக்கே தெரியவில்லை.

சிரிக்காதீர்கள். சிரித்தவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் படம் எதுவென்று தெரியாது.

ஏன் இப்படி ஆயிற்று? நம் கழகத்தின் வழக்கம் அப்படி. குளிர்காலம் வந்தால் ஓர் ஒளிப்படக்காரரைத் தேர்ந்தெடுக்கிறோம். அவருடைய படங்களை நீளமேசையில் பரப்புகிறோம். ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். பிறகு அவர் நின்ற தெருவுக்குப் போய், அவர் நின்ற இடத்தில் நின்று, அவர் பார்த்த நேரத்தில் பார்த்து, அவர் அழுத்திய பொத்தானை அழுத்திவிட்டு வருகிறோம். இதற்குப் பெயர் பயிற்சியாம்! அடுத்தவர் எழுதிய பரீட்சைத் தாளைப் பார்த்து, பெயரை மட்டும் மாற்றி எழுதும் பையனை நாம் பள்ளியில் என்ன செய்வோம்? இங்கே அவனுக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறோம்.

இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்டவர் மறைந்த ரிஃப்அத் ஸிக்ரி. வாழ்நாள் முழுவதும் நம் தெருக்களில் நின்று கூடைகளைப் படமெடுத்தவர். பெரிய கலைஞர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவரிடமிருந்து நாம் எடுத்தது என்ன? அவருடைய கூடையை எடுத்தோம். அவருடைய கேள்வியை எடுத்தோமா?

ஒருத்தி எடுத்தாள். அதோ, கதவருகே நிற்கிறாளே, நெர்மீன். பகலெல்லாம் மருந்துக்கடையில் நின்றுவிட்டு, மாலையில் கழகத்துக்கு வருகிறவள். அவள் மேசையிலிருந்து ஒரு படத்தை உருவிக்கொண்டு ஓடவில்லை. எல்லாப் படங்களையும் தரையில் வரிசையாக அடுக்கினாள். சப்பணமிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். திரும்பத் திரும்ப வருவது எது என்று பார்த்தாள். ஒரு தடவைகூட வராதது எது என்று பார்த்தாள். நண்பர்களே, ஒரு கலைஞனின் கருப்பொருள் ஒற்றைப் படத்துக்குள் உட்கார்ந்திருப்பதில்லை. அவன் எங்கே மறுபடி மறுபடி திரும்பி வருகிறான், எங்கே மறுபடி மறுபடி போகாமல் நின்றுவிடுகிறான் என்பதில் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த லென்ஸ் வேண்டாம். பொறுமை போதும்.

அவள் கண்டது இதுதான். அத்தனை படங்களிலும் கயிறு மேலே போகிறது. அத்தனை படங்களிலும் கயிற்றைப் பிடித்திருக்கும் ஆள் இல்லை. கயிற்றின் மேல்முனை படச் சட்டத்துக்கு வெளியே வெட்டுப்பட்டிருக்கிறது, அல்லது நிழலில் மங்கியிருக்கிறது.

"இவரு ஏன் ஒரு தடவகூட மாடி ஏறல?" என்று கேட்டாள்.

நம் மூத்தவர் ஒருவர் சிரித்தார். "மேல என்னம்மா இருக்கு? புறாக்கூண்டும் காயப்போட்ட துணியும்தான்."

"கயிறு இருக்கே சார். அத யாரோ புடிச்சிட்டிருக்காங்கல்ல?"

அவ்வளவுதான். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டாள். நம் முஹர்ரம் பே பேட்டையில், தன் கடையிலிருந்து தினமும் மருந்து போகும் கூடை ஒன்றைப் பின்தொடர்ந்து ஒரு பழைய கட்டடத்துக்குள் போனாள். அங்கே ஒரு லிஃப்ட் இருக்கிறது. இரும்புக் கூண்டு, பித்தளைக் கைப்பிடி, எல்லாம் இருக்கிறது. உள்ளே வெங்காய மூட்டையும் உடைந்த சைக்கிளும் இருக்கின்றன. எப்போது நின்றது என்று கேட்டால் வீட்டுக்கு ஒரு பதில். மகள் பள்ளிக்குப் போகும் முன்பே நின்றது என்கிறார் ஒருவர். கணவர் உயிரோடு இருந்தபோதே நின்றது என்கிறார் இன்னொருவர். கட்டடச் சொந்தக்காரர் ஏன் பழுதுபார்க்கவில்லை? குடியிருப்பவர்கள் பழைய, அற்ப வாடகைக்காரர்கள்; சட்டப்படி வெளியேற்ற முடியாது. ஏற முடியாதவர் ஏறாமல் போவார். ஏறாமல் போகிறவர் காலி செய்வார். காலியானால் புது வாடகை. லிஃப்ட் பழுதாகவில்லை, நண்பர்களே. லிஃப்ட் வேலை செய்கிறது. நன்றாகவே வேலை செய்கிறது!

உட்காருங்கள், ஹாஜியார். நான் இன்னும் யார் பெயரையும் சொல்லவில்லை.

நான்காவது மாடியில் அந்தக் கூடையின் சொந்தக்காரர் இருந்தார். நம் டீச்சர். இந்தப் பேட்டையில் பாதிப் பேருக்கு உலகப்படத்தை விரித்துக் காட்டியவர். மூட்டு போய்விட்டது, படி இறங்க முடியாது. ரொட்டி கூடையில் வருகிறது. மாத்திரை கூடையில் வருகிறது. கதவுச் சாவி கூடையில் இறங்கி, விருந்தாளியோடு ஏறி வருகிறது. நெர்மீன் பால்கனியில் நின்றபோது டீச்சர் கூடையைத் தட்டிக் காட்டிச் சொன்னாராம்: "இதுல என்னத் தவிர எல்லாம் ஏறி இறங்குதும்மா."

அவள் எடுத்த படங்களில் கூடை இல்லை. உள்ளங்கையில் கயிறு அறுத்த தழும்பு இருக்கிறது. பால்கனிக் கம்பியில் கயிறு உரசி உரசி விழுந்த பள்ளம் இருக்கிறது. பக்கத்துக் கட்டடத்தில், அடுத்த கட்டடத்தில், இதே போல் மேலேயே நின்றுவிட்ட மனிதர்கள் இருக்கிறார்கள். கடைசிப் படத்தில் டீச்சரின் முகம். தெருவைப் பார்த்துக் குனிந்த முகம். அதன் பின்னால் சுவரில் கட்டடத்தின் பெயர்ப்பலகை.

ரிஃப்அத் ஸிக்ரி உயிரோடு இருந்தால் என்ன சொல்லியிருப்பார்? எனக்குத் தெரியாது. ஆனால் அவர் ஆயுள் முழுக்கக் கீழே நின்று அண்ணாந்து பார்த்ததன் மீதிப் பாதியை அந்தப் பெண் முடித்தாள். அடுத்தவர் படைப்பிலிருந்து கற்பது என்றால் இதுதான். அவர் நின்ற இடத்தில் போய் நிற்பதல்ல. அவர் நிறுத்திய இடத்திலிருந்து நடப்பது!

கைதட்டாதீர்கள். தயவுசெய்து தட்டாதீர்கள். மீதியைக் கேளுங்கள்.

நேற்று அந்தப் படங்கள் இதோ என் பின்னால் இருக்கும் இந்தச் சுவரில் இருந்தன. நானே ஆணி அடித்தேன். படத்தை மாட்டிவிட்டோம் என்று டீச்சருக்குத் தகவல் போனது. அவர் சொன்னார்: "நான் தெருவுக்கு எறங்குனா ஒண்ணு ஆம்புலன்ஸ்ல, இல்ல ஜனாஸாப் பெட்டியில. நடுவுல ஒரு தடவ படம் பாக்க எறங்குறேனே."

தெருமுனையில் இருக்கும் ரொட்டிக்கடையின் ஆட்கள் நால்வர் இன்று மாவுக் கையோடு போய் நாற்காலியைத் தூக்கினார்கள். ஒவ்வொரு மாடி வளைவிலும் இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கினார்கள். பயந்து போன அவர்களைப் பார்த்து டீச்சர், "கூடையில வெங்காயம் மாதிரி உக்காந்திருக்கேன். கொட்டிடாதீங்கப்பா," என்றார். ரொட்டிக்காரர் ஒருவர், "நீங்க வெங்காயமா டீச்சர்? எங்கள அழவெச்சது போதாதா?" என்றார். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவர் போலிருக்கிறது.

அந்தச் சிரிப்போடு இந்த வாசலுக்கு வந்தார். "என் படம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். நான்கு பேரும் சுவரைப் பார்த்தார்கள். பிறகு தரையைப் பார்த்தார்கள்.

சுவரில் ஆணிகள் இருந்தன. படங்கள் இல்லை. இன்று காலையில் கழற்றிப் பின்னறையில் சுவர் பக்கம் முகம் திருப்பி வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். நெர்மீனிடம் தலைவர் சொன்ன காரணம்: "தலைப்பு கூடை. ஒன் படத்துல கூடையே இல்லையேம்மா." அவள் வாதாடினாள். அப்போதுதான் குரலைத் தாழ்த்தி உண்மையைச் சொன்னார்: "ஹாஜியார் மனசு நோகக் கூடாது. கூடம் போச்சுன்னா நாம எங்க போறது?"

எங்கே போவது? தலைவர் அவர்களே, தெருவுக்குப் போவோம்! நம் படங்களெல்லாம் தெருவில் எடுத்தவைதானே? தெருவில் நிற்க நமக்குத் தெரியாதா? கூடையைக் காட்டலாம், கையைக் காட்டக் கூடாதா? கயிற்றைக் காட்டலாம், கயிறு அறுத்த தோலைக் காட்டக் கூடாதா? அழகு என்று எதைச் சொல்கிறோம்? யாருக்கும் வலிக்காமல் எடுத்ததையா? ஒரு மனிதருக்கு மட்டும் வலிக்காமல் எடுத்ததையா? பயூமி ஹாஜியார் அவர்களே, இப்போது பெயரைச் சொல்லிவிட்டேன். அந்தப் பெயர்ப்பலகையில் இருக்கும் பெயரும் அதுதான்.

என் பேச்சை இடையில் நிறுத்தாத தலைவருக்கு நன்றி. எழுந்து போகாமல் இருக்கும் பெரியவர்களுக்கு நன்றி. தாய்மார்களுக்கு நன்றி. மாவு காயாத கைகளோடு வாசலில் நிற்கும் ரொட்டிக்கடைத் தோழர்களுக்கு நன்றி. நீங்கள் தூக்கி வந்தது வீணாகக் கூடாது. எல்லோருக்கும் என் சலாம்.

சலாம் சொல்லிவிட்டேன். ஆனால் மேடையை விட்டு இறங்க மாட்டேன். பின்னறையின் சாவி ஹாஜியாரின் மேல்கோட்டுப் பையில் இருக்கிறது. ஆணிகள் அடித்த இடத்திலேயே இருக்கின்றன. டீச்சர் இவ்வளவு நேரமாக அந்த வெறும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரை மறுபடி நான்கு மாடி தூக்கிப் போய்விட்டால், இன்னொரு முறை எப்போது இறக்குவோம்?

சாவியைக் கொடுங்கள், ஹாஜியார்.

தலைவர் அவர்களே, நீங்களாவது அவரிடம் கேளுங்கள்.

என் சலாமுக்கு எல்லோரும் பதில் சொன்னீர்கள். இதற்கும் சொல்லுங்கள். சாவி.