குறை சொல்ல வந்தவர்

— இதுக்கா என்னை ஞாயிற்றுக்கிழமை நித்திரையைக் குழப்பி பியர்பொன்ட்ஸில இருந்து இழுத்துக்கொண்டு வந்தனீ, யோசெப்பு? இது ட்ரக் இல்லையடாப்பா. சில்லுப் பூட்டின கோழிக்கூடு.

— லிங்கண்ணை, மெல்லமாக் கதையுங்கோ. அந்த அக்கா கதவடியிலதான் நிக்கிறா.

— நிக்கட்டும், கேக்கட்டும். குறை சொல்லத்தானே என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனீ? விலை விழவேணுமெண்டால் ஒருத்தன் திட்டத்தான் வேணும். நல்லாயிருக்கெண்டு சொல்ல நீ ஒருத்தன் காணும். வாயைப் பிளந்துகொண்டு நிக்கிற நிப்பைப் பார்!

— ஐம்பத்தாறாம் ஆண்டு ஷெவி பிக்கப் அண்ணை. அந்தச் சிவப்பைப் பாருங்கோவன். அந்த முன் முகத்தைப் பாருங்கோ.

— முகத்தைப் பாத்து எடுக்க நீயென்ன பொம்பிளை பாக்கவோ வந்தனீ?

— வணக்கம் தம்பிமார். பேப்பரைப் பாத்திட்டு டெலிபோன் எடுத்தது ஆர்?

— நான்தான் அக்கா. யோசெப். இவர் சண்முகலிங்கம் அண்ணை. முப்பது வருசம் கராஜ் வேலை.

— முப்பத்திரண்டு.

— நல்லது. நான் திரேசம்மா. விளம்பரத்தை ஒழுங்கா வாசிச்சனீங்கள்தானே? இந்த வண்டியில ஒரு குறை இருக்கு. அதைக் கண்டுபிடிச்சுச் சொல்லுற ஆக்களுக்கு, அவை கேக்கிற விலைக்கே தருவன். சொல்லாட்டி எவ்வளவு தந்தாலும் தரமாட்டன்.

— ஒரு குறையோ? எனக்கு இஞ்ச நிண்டே பத்துத் தெரியுது. அதுசரி அக்கா, பழைய அமெரிக்க ட்ரக்கை ஆராவது தமிழ்ப் பேப்பரில விளம்பரம் போடுவினமோ? சாமத்தியவீட்டுப் படத்துக்கும் மரண அறிவித்தலுக்கும் நடுவில! வெள்ளைக்காரரின்ர பேப்பரில போட்டிருந்தா ரெண்டு நாளில போயிருக்கும்.

— எங்கட ஆக்களே வந்து பாக்கவேணுமெண்டு எனக்கொரு ஆசை. ஆறு கோடையாப் போடுறன்.

— ஆறு கோடை! கேட்டியே யோசெப்பு? ஆறு வருசமா ஒருத்தரும் கட்டாத பொம்பிளைதான் உன்ர கண்ணில பட்டிருக்கு.

— எனக்கு வேற வழியில்லை அண்ணை. அக்கா, வாற ஞாயிறு மடு மாதா திருநாள். மாதாவின்ர சொரூபத்தை ஊர்வலமாக் கொண்டுபோக வண்டி தாறனெண்டு பங்குக் கூட்டத்தில எழும்பிச் சொல்லிப்போட்டன். எல்லாரும் கை தட்டினவை.

— கைதட்டுக் கேட்டா இவருக்குக் கால் நிலத்தில நிக்காது. போன வருசம் மாதா நடந்தோ போனவா?

— போன வருசம் பீட்சா குடுக்கிற வானில கொண்டு போனவை. வானின்ர பக்கத்தில பெரிய பீட்சாப் படம், உள்ளுக்கு மாதா. ரோட்டில நிண்ட பிரெஞ்சுக்காரன் ஒருத்தன் கையைக் காட்டி மறிச்சு ஓடர் குடுக்கப் பாத்தவன். எனக்கு அழுகை வந்திட்டுது அக்கா.

— இதில ஏத்தினா மாதாவே அழுவா. சரி, விடு. அந்தக் காந்தத்தைத் தா. இஞ்ச பார், கதவுக்குக் கீழ. ஒட்டுதோ? ஒட்டாது. இரும்பிருந்தால்தானே ஒட்டும். முழுக்கப் பட்டி. தோசைமா அப்பின மாதிரி அப்பிப்போட்டு மேல சிவப்பு அடிச்சிருக்கு. என்னக்கா, இதுதானே உங்கட குறை?

— ம்ம். வேற?

— வேறயோ? குனிஞ்சு கீழ பாருங்கோ. செசி முழுக்கக் கறுப்பு மை. ஏன் பூசுறது? கறளை மறைக்க. பனிக்காலத்தில இந்த ஊர் ரோட்டில கொட்டுற உப்புக்கு எந்த இரும்பும் தப்பாது. சுத்தியலால ஒரு தட்டுத் தட்டினா ரொட்டித்தூள் மாதிரிக் கொட்டுண்ணும்.

— ம்ம். வேற?

— என்னக்கா, புடவைக் கடையில இருந்துகொண்டு கேக்கிற மாதிரி வேற, வேற எண்டுறியள்? யோசெப்பு, ஸ்டார்ட் பண்ணு. ஆ, கேட்டியே அந்தச் சத்தம்? கசக்காரன் இருமுற மாதிரி. இது பிக்கப் இல்லை, ஆஸ்பத்திரிக் கட்டில்.

— பட்டி, கறள், எஞ்சின் எல்லாம் வந்த எல்லாரும் சொன்னதுதான் தம்பி. போன மாதம் ஒரு பெடியன் வந்தவன். மீசை இன்னும் முளைக்கேல்லை. அவனும் இதே மாதிரிக் காந்தத்தோடதான் வந்து நிண்டவன். முப்பத்திரண்டு வருசம் இரும்போட கிடந்த ஆள் ஏதும் புதுசாச் சொல்லுவாரெண்டு பாத்தன்.

— சிரிக்காதை யோசெப்பு.

— நான் சிரிக்கேல்லை அண்ணை. இருமல்.

— உங்கட மனுசன் எங்கயக்கா? ஆம்பிளையோட கதைச்சா அலுவல் கெதியா முடியும்.

— மேல இருக்கிறார். படி இறங்கிறது கஷ்டம். இடது கால் கணுக்காலுக்குக் கீழ இல்லை.

— ஐயோ. சீனி வருத்தமோ அக்கா?

— இல்லை யோசெப் தம்பி. வாகனத்தால வந்தது.

— கண்மண் தெரியாமல் ஓட்டியிருப்பார். எங்கட ஆக்களுக்கு லைசன்ஸ் கையில வந்தா பிளேன் ஓட்டுற நினைப்பு.

— அண்ணை! என்ன கதையிது?

— பரவாயில்லை, சொல்லட்டும். அவர் கவனமாத்தான் ஓட்டினவர். வாங்கினதிலதான் கவனம் காணாது. இந்த வண்டியும் அவர் வாங்கினதுதான். ரெண்டாயிரமாம் ஆண்டு, புவாண்ட்-கிளேரில, கடையளுக்குப் பின்னால கார் விடுற இடத்தில ஒரு வெள்ளைக்காரன் காசை வாங்கிக்கொண்டு வண்டித் திறப்பைக் குடுத்திட்டுப் போனவன். பிறகு தேடிப் பாத்தா அவன் சொன்ன பேரும் பொய், விலாசமும் பொய்.

— கராஜும் இல்லாமல், ஆளையும் தெரியாமல், நடுத்தெருவில வண்டி வாங்கிறவனை ஏமாத்தாட்டி அது பாவமக்கா. காசைக் குடுத்து மொக்குத்தனத்தை வாங்கியிருக்கிறார்.

— ஓம். அதைத்தான் நானும் ஆறு வருசமா அவருக்குச் சொல்லுறன். வேற?

— லிங்கண்ணை, போதும், வாங்கோ போவம். அக்கா தரமாட்டா. நான் பாதரிட்டை உண்மையைச் சொல்லி, பீட்சா வான்காரனையே திருப்பிக் கேக்கிறன். பங்கில முகம் குடுக்கேலாது, என்ன செய்யிறது.

— கூட்டிக்கொண்டு போங்கோ தம்பி, பாவம். கராஜில கூட்டித் துடைச்ச வருசத்தையும் சேத்து எண்ணுற ஆக்கள் இருக்கினம்.

— நில்லடா! ஆர் கூட்டித் துடைச்சது? இஞ்ச பாருங்கோ அக்கா, பெரிய மனுசியெண்டு பாக்கிறன். என்ர கை பட்ட வண்டியள் இந்த மொன்றியல் முழுக்க ஓடுது. உங்கட குறை என்னெண்டு இந்த வாசலுக்குள்ள வரேக்கையே எனக்குத் தெரியும். விலை பேசேக்கை எடுத்து விடுவமெண்டு பொத்தி வைச்சிருந்தன்.

— சொன்னால்தானே தம்பி தெரியும்.

— ஓட்டுறவன் கால் வைக்கிற இடம். அந்தக் கார்ப்பெட்டுக்குக் கீழ தட்டு இல்லை. உக்கிப் போச்சு. ஓட்டையை மறைச்சுத் தகரம் வைச்சு ஒட்டிக் கிடக்கு.

— தகரமெண்டு முந்தியும் ஒருத்தர் சொன்னவர். பழைய வண்டியெண்டா அப்பிடி ஆரும் குத்துமதிப்பாச் சொல்லலாம். என்ன தகரம்?

— என்ன தகரமோ? நல்லெண்ணெய்ப் பேணித் தகரம்! பெரிய பேணியை வெட்டி விரிச்சது. தமிழ் எழுத்தும் மயில் படமும் மேல பாத்தபடி இருக்கும். மயிலின்ர கழுத்து பிரேக் பக்கம், தோகை கதவுப் பக்கம். காணுமோ? இன்னும் வேணுமோ?

— லிங்கண்ணை, கார்ப்பெட்டை நீங்கள் கிளப்பிப் பாக்கவேயில்லையே? அது ஒட்டினபடியெல்லோ கிடக்கு.

— கிளப்பிப் பாத்துத்தான் சொல்லவேணுமெண்டா முப்பத்திரண்டு வருசம் எதுக்கடா? பிழையெண்டா இந்த மீசையை எடுக்கிறன். கிழிச்சுப் பாருங்கோ அக்கா, கிழியுங்கோ!

— கிழிக்கத் தேவையில்லை. நீங்கள் சொன்னது சரி. நான் கேட்ட குறை அதுதான். மயிலின்ர கழுத்துக்கூடச் சரி.

— கேட்டியே யோசெப்பு! கைதட்டு! இனி விலையை நான் சொல்லுறன், நீ வாயைத் திறவாதை. அக்கா, இந்தக் கோழிக்கூட்டுக்கு...

— விலையை யோசெப் தம்பி சொல்லட்டும். வண்டி அவருக்குத்தான். தம்பி, மாதாவைப் பயப்பிடாமல் ஏத்துங்கோ. கார்ப்பெட்டுக்குக் கீழ இப்ப புது இரும்புத் தட்டு.

— புதுத் தட்டோ? அப்ப அண்ணை சொன்ன மயில் தகரம், அக்கா?

— அது ஆறு வருசத்துக்கு முன்னம் பனிக்காலத்தில, எங்கட வீட்டுக்கு வாற தீவுப் பாலத்தில, என்ர மனுசன் மிதிச்ச உடனே பிஞ்சு அவரின்ர காலை ரோட்டில விட்டது. அந்தக் கிழமையே வெட்டி எடுத்து வீட்டுக்குள்ள ஆணியில கொழுவி வைச்சிருக்கிறம், எங்கள் ரெண்டு பேரையும் அதை ஒட்டினவனையும் தவிர இந்த உலகத்தில ஒருத்தரும் அந்த மயிலைக் கண்டதில்லை — இஞ்சருங்கோ, பொல்லை ஊண்டிக்கொண்டு மெல்லமா இறங்கி வாங்கோ, ஆள் வந்திட்டுது!