டவரில் ஒரு நாரைக்கூடு

— போன வைக்காத அழகி. சொன்னாக் கேளு, இன்னும் மேல ஏறாத. அங்குட்டு நாரைக்கூடு இருக்கு.

— தெரியும்ணே. மூக்குக்கு நேரா இருக்கு. ரெண்டு குஞ்சு. தாய் நாரை என்னையப் பாத்து அலகைத் தட்டுது.

— அப்ப எறங்கு. குஞ்சு விழுந்துச்சுன்னா ஊரு நம்மளச் சும்மா விடாது. அதுகளுக்காகத் தீவாளிக்கே வெடி போடாத ஊருடி இது.

— நான் விழுந்தா?

— கிறுக்குத்தனமாப் பேசாத.

— இல்ல, தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்.

— இந்த நாரைகளுக்கும் புத்தி கெட்டுப்போச்சு. கண்மாய விட்டுட்டு செல்போன் டவருல வந்து கட்டியிருக்கு பாரு.

— கண்மாய்க் கருவேலத்த ஏலம் விட்டு வெட்டுனீகளே, நீதான முன்னால நின்ன? அதுக வேற எங்க போகும்? எடம் கெடச்ச எடத்துல கட்டிக்கிருச்சு.

— நீ கட்டிக்கிட்ட மாதிரியா? ஆரு எவருன்னு பாக்காம, ரிஜிஸ்டர் ஆபீசுல போயி மாலை மாத்திக்கிட்டு!

— ஆருன்னு பாத்துத்தான் கட்டுனேன். பேரு மாயக்கண்ணன். காளையார்கோவில்ல டிராக்டர் மெக்கானிக். அம்மாவுக்கு நெஞ்சுவலின்னு சொல்லித்தான என்னையக் கூட்டியாந்த? அம்மா அடுப்படியில நல்லாத்தான் நின்னுச்சு. நீ என்னைய ரூமுல போட்டுப் பூட்டிட்ட.

— எல்லாம் ஒன் நல்லதுக்குத்தான்.

— அந்த ரூமு ஜன்னல்ல இந்த டவரு மட்டுந்தான் தெரியும். நாரை வர்றதையும் போறதையும் பாத்துக்கிட்டே கெடந்தேன். பொறாமையா இருந்துச்சுண்ணே.

— சரி, எப்படியோ பூட்டத் தொறந்து, அம்மா போனையும் எடுத்துக்கிட்டு வெளிய வந்தவ பஸ்ஸேறிப் போயிருக்க வேண்டியதுதான? செம்மலை தங்கச்சி டவருல தொங்குறான்னு ஊரே சிரிக்குது.

— பஸ் ஸ்டாண்டுல ஒன் சேக்காளிக நிக்கிறாக. கால ஒடிச்சு இழுத்துட்டு வந்துருவாக. இங்குட்டுன்னா ஒருத்தனும் ஏற மாட்டான், குஞ்சு விழுந்துரும்னு.

— நான் ஏறி வாரேன்.

— வா பாப்போம். கீழ நிக்கிற பெருசுக விடாது. எனக்காக இல்ல, நாரைக்காக.

— எம்புட்டு நேரம் ஒக்காந்திருப்ப? கையி மரத்துப் போகும்டி.

— மரத்துத்தான் போச்சு. பயமாவும் இருக்கு. காத்தடிச்சா டவரே ஆடுது. அந்த ரூமுக்கு இது தேவலாம். எங்க வீட்டுக்காரவுகளுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். பயர் சர்வீசும் போலீசும் கெளம்பிட்டாகளாம்.

— வராது.

— ஏன்?

— எஞ்சேக்காளி சேதுபதிய அனுப்பி ஊரு எல்லையிலயே மறிக்கச் சொல்லிட்டேன். டவருல ஆளு ஆருமில்ல, நாரைக்கூட்டப் பாத்துட்டு எவனோ தப்பாப் போன் போட்டுட்டான், சங்கு ஊதிக்கிட்டு வந்தா குஞ்சுக செத்துரும்னு. நம்ம ஊரப் பத்தித் தெரிஞ்சவுகதான, நம்பிருப்பாக. இந்நேரம் வண்டி திரும்பியிருக்கும்.

— நாரையச் சொல்லியா மறிச்ச?

— ஆமா. என்ன, கொரலு ஒரு மாதிரி இருக்கு?

— அழுகுறேன்.

— அழு. அழுது முடிச்சுட்டு எறங்கி வா. அம்மா சோறாக்கி வச்சுட்டு ஒனக்காக வீட்டுல ஒக்காந்துருக்கு. அது மூஞ்சிக்காகவாச்சும் வா.

— அம்மா வீட்டுல இல்லண்ணே.

— பெறகு எங்க இருக்கு?

— எனக்கு இங்கேருந்து ரோடு பூராத் தெரியுது. வண்டி திரும்பல. சங்கு ஊதாம, மெதுவா ஊருக்குள்ள வந்துக்கிட்டிருக்கு. அதுக்கு முன்னால, வழிகாட்டிக்கிட்டு, நம்ம அம்மா நடந்து வருது.