பதினோராம் நம்பர் மாடு

இந்தப் பக்கம் உட்காரும்மா. அந்த ஓரத்துல பெஞ்சு ஆடும், கால் மணி நேரமா ஆடிப் பார்த்துட்டேன். இல்லல்ல, நான் இன்டர்வியூவுக்கு வரல. இந்த வயசுல என்னை எடுத்தாங்கன்னா ஆராய்ச்சி பண்றதுக்கு எடுக்க மாட்டாங்க, வெச்சு ஆராய்ச்சி பண்றதுக்குத்தான் எடுப்பாங்க. சிரிச்சிட்ட, நல்லது. வந்ததுலேருந்து அந்த ஃபைலைப் பிடிச்ச பிடியில விரலெல்லாம் வெளுத்துப்போச்சு பாரு.

நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். என் பொண்ணுதான் கால்நடை டாக்டருக்குப் படிச்சவ. இந்த மேல்படிப்புக்கு, ஆராய்ச்சி சீட்டுக்கு, அவளையும் கூப்பிட்டிருந்தாங்க. ரெண்டே சீட்டு, சும்மாவா. ஆனா அவ வரல. வர மாட்டேன்னு லெட்டர் எழுதிக் குடுத்துட்டா. நான் வந்தது அவளுக்குத் தெரியாது. உள்ள இருக்கிற பெரிய மேடம்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். சொல்லிட்டா திரும்பக் கூப்பிடுவாங்களோன்னு ஒரு நப்பாசை.

என்ன விஷயமா? சொல்றேன், சொல்றேன். முதல்ல அவளைப் பத்திச் சொன்னாத்தான் புரியும்.

வீட்டுல அவளுக்கு இன்ஸ்பெக்டர்னு பேரு. ஆறு வயசுலயே, அப்பா, நீங்க பல்லு விளக்கினது ஒரு நிமிஷம்தான்னு வந்து நிப்பா. அவங்கம்மா அரை டம்ளர்னு சொன்னா, அளந்து பார்த்துட்டு, இல்ல முக்கால்னு சொல்லுவா. அப்பிடி ஒரு பிறவி.

அவ ஆராய்ச்சி என்னன்னா, அசை போடுறது. மாடு தின்னதை முழுங்கிட்டு, அப்புறம் சாவகாசமா ஒரு ஒரு உருண்டையா மேல கொண்டாந்து மெல்லும்ல. டாக்டர் உனக்குப் போய்ச் சொல்றேன் பாரு. ஒரு உருண்டையை ஐம்பது, அறுபது தடவை மெல்லும். உடம்புக்கு ஆகலேன்னா அந்த எண்ணிக்கை குறையும். காய்ச்சல் தெரியறதுக்கு முன்னாடி, தீனியை ஒதுக்குறதுக்கு முன்னாடி, முதல்ல அதுதான் குறையும்னு இவ சொல்றா. அதைக் கண்டுபிடிக்கக் கழுத்துப்பட்டை மாதிரி மெஷின் இருக்காம். மெஷின் வாங்க முடியாதவங்க என்னப்பா பண்ணுவாங்க, எண்ணத் தெரிஞ்சா போதும்னு ஆகணும்னு சொல்லுவா. எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. எண்ணத் தெரிஞ்சா போதும்.

இதோ, இதுதான் அந்தக் கருவி. ஒரு அழுத்து அழுத்தினா ஒரு நம்பர் ஏறும். பேசிக்கிட்டே அழுத்திக்கிட்டிருக்கேன், மன்னிச்சுக்கோ. பழக்கமாயிடுச்சு.

லீவு நாள்ல நானும் அவகூட மாட்டுப் பண்ணைக்குப் போயி எண்ணுவேன். ஆளுக்கு ஒரு மாடு, ரெண்டு மணியிலேருந்து அஞ்சு மணி வரைக்கும். எனக்குப் பதினோராம் நம்பர். நான் அதைச் சம்மந்தியம்மான்னு கூப்பிடுவேன். ஏன்னா, நான் போயி முன்னாடி உட்கார்ந்ததும், மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு பார்வை பார்க்கும். என்னத்தைக் கொண்டாந்துட்டீங்கன்னு கேக்குற மாதிரி. அப்புறம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு மெல்ல ஆரம்பிக்கும். ஐம்பத்தாறு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தஞ்சு. கடிகாரம் மாதிரி.

இன்ஸ்பெக்டர் ஒரே ஒரு சட்டம்தான் போட்டிருந்தா. தொடர்ந்து மூணு உருண்டை நாப்பதுக்குக் கீழ வந்துச்சுன்னா, எழுந்து போயி டியூட்டி டாக்டரைக் கூப்பிடணும். யோசிக்கக் கூடாது, கூப்பிடணும்.

அந்த லிஸ்ட்டா? கதவுல ஒட்டியிருக்கிறதுதானே, பார்த்தேன். நாலாவது வரியை அடிச்சிருக்காங்கள்ல, அது அவதான். அதுக்கு மேல பேனாவுல எழுதியிருக்கிறது...

ஓ. நீயா.

காத்திருப்போர் பட்டியல்ல இருந்தியா. நேத்துதான் போன் வந்துச்சா. ராத்திரி பஸ் ஏறி நேரா இங்க வர்றியா. ஷூ கூட உன்னோடது இல்லபோல, குதிகால்ல பேப்பர் மடிச்சு வெச்சிருக்க.

இல்லம்மா, ஒண்ணுமில்ல. தண்ணி வேணாம். நீ எதுக்கு எந்திரிக்கிற, உட்காரு. உன்மேல ஒரு தப்பும் இல்ல. இந்த பெஞ்சுல உனக்கு இருக்கிற உரிமை எனக்கு இல்ல.

சரி, உன்கிட்டயே சொல்லிடறேன். உள்ள சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை சொல்லிப் பார்த்த மாதிரி இருக்கும்.

ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல். படுக்கையைவிட்டு எழ முடியல. அப்பா, பதினொண்ணை மட்டும் பார்த்துட்டு வந்துருங்க, நடுவுல ஒரு நாள் விட்டா கணக்கு கெட்டுரும்னா. எனக்கு அதுக்கு முந்தின நாள் பூரா ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட்டுல வேலை. விடிய விடிய அந்தக் குழிக்குள்ளதான் நின்னேன். அதை அவகிட்ட சொல்லல. சொல்லியிருந்தா போக வேணாம்னிருப்பா.

போனேன், உட்கார்ந்தேன். வைக்கோல் சூடு, சுவர்ல சாய்ஞ்சேன். கொஞ்ச நேரம் எண்ணினேன். அப்புறம் தெரியல. முழிச்சுப் பார்த்தா மணி அஞ்சு. முன்னாடி மாடு இல்ல. பால் கறக்க ஓட்டிட்டுப் போயிருப்பாங்கன்னு நினைச்சேன். நோட்டைப் பார்த்தா, மேல ஏதோ கிறுக்கல், மீதி பூரா வெள்ளை. இன்ஸ்பெக்டர் கேப்பாளே. அந்தப் பக்கத்தைக் கிழிச்சேன், புதுப் பக்கத்துல உட்கார்ந்து எழுதினேன். ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு, ஐம்பத்தஞ்சு. அஞ்சு மணி வரைக்கும் நிரப்பினேன். அது எப்பிடி மெல்லும்னு எனக்குத் தெரியாதா என்ன.

அன்னிக்கு மாடு செத்துப்போச்சு. வயிறு உப்பி. கொட்டகைப் பையன் மறுநாள் போன்ல சொன்னான். சாயங்காலத்துக்கு மேல ஆயிருக்கும்னு நாங்க ரெண்டு பேரும் நினைச்சுக்கிட்டோம். என் பக்கத்தைப் பார்த்துட்டு அவ அழுதா. இவ்வளவு நல்லா மென்ன மாடு எப்பிடிப்பா போகும், அப்ப என் எண்ணம் தப்பா, சில சாவுக்கு முன்னறிவிப்பே இருக்காதான்னு. இங்க அனுப்பின அறிக்கையிலயும் அப்பிடியே எழுதினா. மறைக்க மாட்டா அவ.

போன வாரம் இன்டர்வியூவுக்குத் தயார் பண்ணும்போது, பண்ணைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கா. மூணரைக்கே வயிறு உப்பி வைத்தியக் கொட்டகைக்கு ஓட்டிட்டுப் போயிருக்காங்க, மாடு செத்தது நாலு மணிக்கு.

என் நோட்டுல அது அஞ்சு மணி வரைக்கும் மென்னுக்கிட்டிருக்கு.

சத்தம் போடல. நான் சாப்பிட்டுக்கிட்டிருந்தேன், பக்கத்துல வந்து உட்கார்ந்தா. அப்பா, அன்னிக்கு நீங்க முழிச்சுக்கிட்டுத்தானே இருந்தீங்கன்னா. ஆமான்னேன். அப்பவாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆமான்னேன். தலையை ஆட்டிட்டு, தட்டுல இன்னும் கொஞ்சம் போட்டுட்டுப் போயிட்டா. மறுநாள் லெட்டர் எழுதிட்டா. குறிப்புகளில் பிழை இருக்கிறது, பொறுப்பு என்னுடையதுன்னு. என்னுடையதுன்னு எழுதியிருக்காம்மா. அப்பான்னு ஒரு எழுத்து இல்ல. அதுலேருந்து என்கிட்ட எதையும் எண்ணச் சொல்றதில்ல. இந்தக் கருவியைக்கூட கேக்கல.

நீ பயப்படாத. வரும்போது சீட்டைத்தான் கேக்கணும்னு வந்தேன். இப்ப கேக்கப் போறதில்ல. உன் ஷூவைப் பார்த்தப்புறம் எப்பிடிக் கேக்குறது. அடுத்த வருஷம்னு ஒண்ணு இருக்குல்ல, அதுக்காவது அவ பேரு சுத்தமா இருக்கணும். பொய் எழுதினது நான்னு சொல்லிட்டுப் போயிடறேன்.

அந்தா, உன்னைத்தான் கூப்பிடுறாங்க. போம்மா. முதல்ல நீ போ, உனக்கப்புறம் நான் போறேன். காலரைச் சரி பண்ணு.

இதா? இது அந்தக் கிழிச்ச பக்கம். அன்னிக்கு நாலு ஸ்க்ரூ கையில இருந்துச்சு, இதுல மடிச்சு வேலைப் பையில போட்டிருக்கேன். முந்தாநேத்துதான் கிடைச்சுது, அவகிட்ட இன்னும் காட்டல. படிக்க முடியுதா, எண்ணெய்க் கறை. மணி ரெண்டு பத்துக்கு முப்பத்தெட்டு. அடுத்தது முப்பத்தொண்ணு. அதுக்கு அடுத்தது பத்தொன்பது. மூணு உருண்டைம்மா. அப்பவே கூப்பிட்டிருந்தா, குழாய் விட்டு வயித்துக் காத்தை எடுத்திருப்பாங்கள்ல? நீ டாக்டர், நீயே சொல்லு.

தூக்கக் கலக்கத்துல தப்பா எண்ணிட்டேன்னு நினைச்சுத்தான் கிழிச்சேன். சரியாத்தான் எண்ணியிருக்கேன்.