ஓரகத்தி எடுத்த குர்தி

உத்திரமேரூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில், துணிக்கடை யூனிஃபார்மில் இருந்தவள் பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

“சினிமாக்காரங்களுக்குத் தைக்கற டிசைனரு எங்க மலிவுக் கடைக்கு குர்தி டிசைன் போட்டுக் குடுத்தாருக்கா. ஒரே கூட்டம். வேலை செய்றவங்க மொத நாளு வாங்கக்கூடாதாம். நான் ஆசைப்பட்டதையே என் ஓரகத்தி எடுத்துக்கினு என் கவுண்டருக்கே பில்லு போட வந்தா.”

“நீ இன்னா பண்ண?”

“சிரிச்சிக்கினே மடிச்சிக் குடுத்தேன்.”

“வயிறு எரியல?”

“எரியாம? அது என் சைஸு, அவளுக்குப் பத்தாது. பெரிய சைஸும் உள்ள கீது. நான் சொல்லல.”

“மாத்திக்குவாளே?”

“இதுக்கு மாத்தறதே கெடையாது.”

“அப்ப உனக்குத்தான் வரும்னு சொல்லு.”



“எனக்கா? அடுப்பு தொடைக்கக் கிழிச்சாலும் கிழிப்பா, எனக்குத் தர மாட்டாக்கா.”