கீழே விழாத தூசி

சங்கரன்கோவிலில் எக்ஸ்ரே அறை வாசலில், எனக்கு முன்னால் விசைத்தறி ஓட்டும் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்த இளையவர் திடீரென்று சொன்னார்:

“அண்ணாச்சி, விண்வெளியில எடையே கிடையாதுல்லா, அதனால தூசி கீழ விழாதாம். மிதந்துக்கிட்டே இருந்து, மூச்சு இழுக்கையில நுரையீரல் அடி வரைக்கும் போயிருமாம்.”

மூத்தவர் இருமி முடித்தார். “நம்ம தறி செட்டுல மட்டும் பஞ்சு கீழயா விழுது?”

“அங்க போறவனுக்கு, ஏத்திவிடுததுக்கு முன்னாடியே நெஞ்சைப் படம் எடுத்துப் பாத்துருவாவளாம்.”

“முன்னாடியா?”

உள்ளேயிருந்து மூத்தவரின் பெயரைக் கூப்பிட்டார்கள். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே எழுந்தார்.

“நமக்கு முப்பது வருசம் ஓட்டுன பொறவுல்லா எடுக்காவ.”