துடைக்காத இடம்

அதிகாலை மூன்று மணி. கருங்கல்லில் இருந்து கடற்கரைக்கு இறங்கும் சாலை. ஒரு விளக்குகூட எரியவில்லை... நம்ம லீமா இருக்கிறாளே, அவளுடைய நாத்தனார் பிரீனா ஸ்கூட்டரில் தனியாக வந்துகொண்டிருந்தாள்.

திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை. தோள்பையில் ஒரு புதுக் கருவி. படகு முங்கினால் அதிலுள்ளவர்களின் பெயர்களைக் கரைக்கு அனுப்புவது. அதை இயக்கும் டிரைவர் நிரலை வரிவரியாகப் பார்த்து, காலைக்குள் சரி என்று சொல்ல வேண்டும்.

வளைவில், பைக்குள் இருந்து... டிக்... டிக்... பேட்டரியே போடாத கருவி. கூடவே ஈர வலையின் வாடை. கடல் இன்னும் மூன்று மைல்.

லீமாவின் வீட்டுக்குள் நுழைந்ததும் கருவியை லேப்டாப்பில் மாட்டினாள். நிரல் அவ்வப்போது நினைவகத்தில் இடம் கேட்டு வாங்கும். முன்பு இருந்தது அங்கே அப்படியே கிடக்கும். துடைத்துவிட்டுத்தான் எழுத வேண்டும். ஓரிடத்தில் துடைக்காமல் விட்டிருந்தார்கள். என்னதான் கிடக்கிறது என்று திரையில் எடுத்துப் பார்த்தாள்.

ஐந்து பெயர்கள். அன்று மாலை ஆறு பத்து என்று நேரம். இன்னும் விடியவே இல்லை. கடைசிப் பெயர் ஆன்றோ. லீமாவின் புருஷன், இவளுடைய அண்ணன்.

கடலையே பார்க்காத கருவி... துடைத்து வாங்கும்படி நிரலைத் திருத்தி மறுபடி ஓட்டினாள். வெறும் பூஜ்யங்கள்தான் வர வேண்டும். அதே ஐந்து பெயர்கள்.

ஆன்றோ கடலுக்குக் கிளம்பி நின்றான்.

“அண்ணே, இன்னைக்குப் போண்டாம்.” திரையைக் காட்டினாள்.

“ஏட்டி, ஒனக்க பொட்டியில பேரு வந்துன்னு போட்டைக் கரையில கெட்டிப் போட்டா, ஊரே சிரிக்கும்.”

“அப்ப நீயாவது நில்லு.”

அவன் சிரித்துக்கொண்டே வாசலில் இறங்கினான். அவளுக்கு வேறு வழி தோன்றவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தாள்... பொய்தான். லீமா அலறினாள். ஆன்றோ ஓடி வந்து தங்கையை மடியில் போட்டுக்கொண்டான். வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிப் படகுக்குப் போன் போட்டான். மற்ற நாலு பேரை அப்போது நினைக்கவே இல்லை என்று பிறகு லீமாவிடம் சொல்லி அழுதாளாம்.

ஐந்து மணிக்கு எஞ்சின் சத்தம் கிளம்பி, தேய்ந்து, அடங்கியது.

பிரீனா மெல்ல எழுந்து இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள். முதல் நாலு பெயர்கள் அப்படியே. ஐந்தாவது இடத்தில்... ஸ்மைலின்.

அந்தப் பெயரில் ஊரில் ஒருவன்தான். அடுத்த வீட்டு லிஜியின் மகன். அவன் துபாயில் அல்லவா இருக்கிறான்...

அண்ணனின் போனைப் பிடுங்கிப் படகிலுள்ள ஒவ்வொருவருக்கும் அடித்தாள். ஒன்றும் போகவில்லை.

கதவு தட்டும் சத்தம். லிஜி. கையில் பேரீச்சம்பழப் பொட்டலம்.

“ராத்திரிதான் வந்தான் மக்கா. ஒனக்கு நெஞ்சுவலின்னு கேட்டதும், ஆன்றோ அண்ணன் வீட்டுல நிக்கட்டும்னு அவனே ஏறிப் போயிட்டான்... இப்ப எப்பிடி இருக்கு?”